பாரதக் கூத்துப் படங்களைப் புத்தகமாகப் போட நினைக்கிறேன்: எந்த அளவு, எத்தனை பிரதி, யாருக்காக?

கதிர்_பென்னாகரம்

எல்லோருக்கும் வணக்கம். பென்னாகரம், பாப்பாரப்பட்டி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்தைப் பல வருடங்களாகப் படம் எடுத்து வருகிறேன். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தை வைத்துப் படுகளம், அதாவது துரியோதனன் வதம். பெரும்பாலும் இரவுப் படங்கள்தான். ஹார்ட் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. முகநூலில் போட்டால் லைக் வருகிறது, மறுநாள் அது எங்கேயோ கீழே போய்விடுகிறது.

இவற்றை அச்சுப் புத்தகமாக நானே போட ஆசை. ஓரிரு பதிப்பகங்களில் கேட்டேன். முழுக்க வண்ணப் படம் என்றதும், "செலவை நீங்கள் ஏற்றால் போடலாம்" என்றார்கள். செலவு என்னுடையது என்றால் முடிவும் என்னுடையதாக இருக்கட்டுமே என்று தோன்றிவிட்டது.

மனதில் இருப்பது இதுதான்: 12க்கு 12 அங்குலம், கெட்டி அட்டை, 200 பக்கம், 500 பிரதி. விமான நிலையக் கடைகளில் பளபளவென்று வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. தருமபுரியிலேயே முடியுமா, சிவகாசி போக வேண்டுமா, பெங்களூரா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டுடியோ_காவேரிப்பட்டணம்

அண்ணா, முதலில் எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். நம் பக்கத்து ஸ்டுடியோக்கள் எல்லாம் கல்யாண ஆல்பத்தை வெளியூர் லேபுக்குத்தான் அனுப்புகிறோம். கரிஸ்மா ஆல்பம் என்றால் எல்லாருக்கும் தெரியும். 12க்கு 36 ஷீட்டில் டிசைன் போட்டு அனுப்பினால் ஒரே வாரத்தில் பெட்டியோடு வந்துவிடும். ஷீட் தட்டையாக விரியும், நடுமடிப்பு படத்தை விழுங்காது. ஒரே ஒரு பிரதி வேண்டுமென்றாலும் போட்டுத் தருவார்கள்.

ஆனால் அது ஆல்பம்தான், புத்தகம் ஆகாது. முப்பது ஷீட் ஏறினாலே தூக்க ஆள் வேண்டும். பிரதி கூடினாலும் ஒன்றின் விலை பெரிதாக இறங்காது. குடும்பத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று என்றால் போடலாம். விற்கிற புத்தகத்துக்குக் கட்டுபடியாகாது.

அச்சுமை

நான் சிவகாசியில் ஆப்செட் மெஷினில் வேலை பார்த்துவிட்டு இப்போது தருமபுரியில் டிடிபி, பிளேட் வேலை பார்க்கிறேன். கதிர் தம்பி, அளவை முடிவு செய்யும் முன் தாளைப் பாருங்கள். புத்தகத்தின் செலவு பாதிக்கு மேல் அங்கேயே தீர்மானமாகிவிடும்.

12 அங்குலச் சதுரம் என்கிறீர்கள். வெட்டுக்கு விடும் ஓரத்தையும் சேர்த்தால் பக்கத்துக்குப் பன்னிரண்டேகால் அங்குலம் வேண்டும். 25க்கு 36 தாளில் ஒரு முகத்துக்கு நான்கு பக்கம்தான் நிற்கும், மூன்றில் ஒரு பங்கு தாள் கழிவு. அந்தக் கழிவுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். டிஜிட்டலில் போடலாம் என்றால், சாதாரண மெஷினில் தாள் 13க்கு 19. உங்கள் அளவுக்கு ஒரு விரிப்பே 24 அங்குலம், அதில் ஏறாது. ஒற்றை ஒற்றைத் தாளாக அடித்துப் பசை போட்டு ஒட்டுவார்கள். படப் புத்தகத்தைப் பசையில் ஒட்டினால் நாலு தடவை நன்றாக விரித்துப் பார்த்ததும் தாள் கையோடு வரும்.

20க்கு 30 தாளை எடுத்துக்கொள்ளுங்கள், டபுள் கிரவுன் என்போம். ஒரு முகத்துக்கு 8 பக்கம், இரண்டு முகத்துக்கும் 16. அதுதான் ஒரு பாரம். வெட்டியபின் பக்கம் ஏறக்குறைய ஒன்பதரைக்கு ஏழேகால் அங்குலம் வரும். கூத்துப் படங்கள் பெரும்பாலும் படுக்கைவாக்கில்தானே இருக்கும், புத்தகத்தையும் அப்படியே அகலவாக்கில் கட்டலாம். விரித்தால் 19 அங்குலம். கழிவு மிகக் குறைவு. ஒன்று மட்டும் கவனம்: தாளின் கிரெயின் (நார் ஓடும் திசை) புத்தக முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பக்கம் விறைத்துக்கொண்டு நிற்கும். தாள் வாங்கும் முன்பே அச்சகத்தில் சொல்லிவிடுங்கள்.

பக்க எண்ணிக்கையைப் பதினாறின் மடங்காக வையுங்கள். 96 பக்கம் என்றால் 6 பாரம். பாரத்துக்கு இரண்டு முகம், முகத்துக்கு நான்கு வண்ணம், மொத்தம் 48 பிளேட் (அச்சுத் தகடு). நூறு பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அந்த 48 பிளேட் செலவு ஒன்றுதான். டிஜிட்டலில் பிளேட் கிடையாது, பத்தாவது பிரதிக்கும் நூறாவது பிரதிக்கும் ஏறக்குறைய அதே விலை. பொதுவாகச் சில நூறு பிரதிக்குள் இரண்டும் ஒரு இடத்தில் சமமாகும், அதற்கு மேல் ஆப்செட் மலிவு. உங்கள் கோப்புக்கு அந்த இடம் எது என்று தெரிய, 50, 100, 300, 500 பிரதிக்கு இரண்டு விதத்திலும் கொட்டேஷன் வாங்குங்கள். 500 என்று மட்டும் கேட்டால் 500க்கு மட்டும்தான் சொல்வார்கள்.

தொப்பூர்க்கணவாய்

ஆர்வத்தைக் குறைப்பதாக நினைக்க வேண்டாம். புத்தகம் எதற்கு என்று உண்மையிலேயே கேட்கிறேன். அதே செலவில் பத்து வருடத்துக்கு நல்ல இணையதளம் வைக்கலாம். உலகம் முழுக்கப் பார்ப்பார்கள். 500 புத்தகத்தை வீட்டுப் பரணில் அடுக்கி வைத்திருக்கும் ஒரு கவிஞரை எனக்குத் தெரியும்.

மல்லிகா_அரூர்

நல்ல கேள்வி. நான் பள்ளி ஆசிரியை, கூத்துப் பார்த்து வளர்ந்தவள். எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

புகைப்படக் கலை பிறந்த கையோடு சொந்தப் பதிப்பும் பிறந்துவிட்டது. 1843-ல் இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்ற பெண், கடற்பாசிகளை ரசாயனம் பூசிய தாளில் வைத்து வெயிலில் காட்டி, நீல நிறப் படங்களாக எடுத்துப் பகுதி பகுதியாகப் புத்தகமாக்கினார். எழுத்தும் அவர் கையெழுத்தே. பதிப்பகமும் இல்லை, கடையும் இல்லை. தெரிந்தவர்களுக்கும் அறிவியல் அமைப்புகளுக்கும் கொடுத்தார். மிகச் சில பிரதிகள்தான். அதில் மிஞ்சியவற்றை இன்றைக்குப் பெரிய நூலகங்கள் பாதுகாக்கின்றன. பிரதி குறைவாக இருந்ததால் அந்த வேலை ஒன்றும் அழிந்துவிடவில்லை.

இணையத்தில் படம் ஒவ்வொன்றாக வருகிறது. எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் என்பது எடுத்தவர் கையில் இல்லை. புத்தகத்தில் அது முழுக்க அவர் கையில் இருக்கிறது. இடது பக்கம் அரிதாரம் பூசுகிற கை, வலது பக்கம் அதே கையில் கதாயுதம் என்று வைத்தால், அந்த இரண்டு படமும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். அதைச் செய்ய வேறு இடம் இல்லை.

அப்புறம் இன்னொன்று. எங்கள் ஊர்த் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் போனில் படம் காட்டினால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு "சரி சரி" என்று திருப்பித் தந்துவிடுவார்கள். அதே படத்தைத் தாளில் கொடுத்துப் பாருங்கள். விரலை வைத்து, "இவன் மாரண்டஅள்ளிக்காரன் இல்ல? இந்தக் கிரீடம் அவங்க அப்பன் கட்டினது" என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சு எந்த இணையதளத்திலும் வராது. கதிர், உங்கள் புத்தகத்தின் முதல் வாசகர்கள் அவர்கள்தான் என்று நினைக்கிறேன். அப்படி நினைத்தால் 12 அங்குலக் கெட்டி அட்டை தேவைப்படாது.

ஓசூர்_ஒளி

மல்லிகா டீச்சர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதியில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் யானைப் படம் எடுப்பவன் நான். நானே ஒரு புத்தகம் போட்டிருக்கிறேன், கெட்டி அட்டையில். நம் ஊர் வேலை என்றால் மலிவாக, மெலிதாக, சின்னதாகத்தான் இருக்க வேண்டுமா? பெருநகர ஆள் நம் கூத்தைப் படம் எடுத்தால் பெரிய புத்தகம், நாம் எடுத்தால் நோட்டீஸா? கூத்துக்காரருடைய புஜக்கட்டையில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் துண்டு தாளில் மின்ன வேண்டும். அதற்கு இடம் வேண்டும், நல்ல தாள் வேண்டும். அந்தக் கலைக்கு நாம் செய்யும் மரியாதை அது.

ஆனால் இரவுப் படம் என்பதால் ஓர் எச்சரிக்கை. என் புத்தகத்தில் அந்தி நேரப் படங்கள் நிறைய. மானிட்டரில் யானைக்குப் பின்னால் மூங்கில் தெரிந்தது. அச்சில் வெறும் கருப்பு. அதோடு போகவில்லை, பல பிரதிகளில் ஒரு பக்கத்துக் கருப்பு எதிர்ப் பக்கத்து வெள்ளையில் ஒட்டியிருந்தது. அச்சகத்தில் கேட்டால் "கருப்புப் படம் கொடுத்தால் கருப்பாகத்தான் வரும்" என்றார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை. இதை எப்படித் தவிர்ப்பது என்று அச்சுமை சொன்னால் கதிருக்கு மட்டுமில்லை, எனக்கும் உதவும்.

அச்சுமை

சொல்கிறேன், கொஞ்சம் நீளும். கூத்துப் படத்துக்கு இதுதான் உயிர்நாடி.

திரையில் கருப்பு என்றால் வெளிச்சம் இல்லாத இடம். அச்சில் கருப்பு என்றால் மை குவிந்த இடம். நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு நான்கும் நூறு நூறு சதவீதம் விழுந்தால் 400. ஆர்ட் பேப்பர் (மேலே பூச்சுள்ள தாள்) அவ்வளவு மையைத் தாங்காது. 300, மிஞ்சினால் 320-க்குள் அடக்க வேண்டும். மீறினால் மை காயாமல் அடுக்கில் மேல் தாளின் பின்பக்கத்திலும், மடித்துக் கட்டியபின் எதிர்ப் பக்கத்திலும் ஒட்டும். ஓசூர் அண்ணனுக்கு நடந்தது அதுதான். பழி படத்தின் மேல் இல்லை. கோப்பை மெஷினுக்கு ஏற்ற வண்ண ப்ரொஃபைலில் மாற்றிக் கொடுத்திருந்தாலே மொத்த மை குறைந்திருக்கும். காய நேரம் விட்டு, மேலே வார்னிஷ் ஓட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது, பின்னணி காணாமல் போவது. நம் ஆட்கள் எல்லோரும் மானிட்டரை முழு வெளிச்சத்தில் வைத்துத்தான் படத்தைத் திருத்துகிறோம். தாளுக்குப் பின்னால் விளக்கு கிடையாது. மானிட்டர் வெளிச்சத்தைப் பக்கத்தில் வைத்த வெள்ளைத் தாள் அளவுக்கு இறக்கிவிட்டுத் திருத்துங்கள், இருட்டுப் பகுதியைக் கொஞ்சம் தூக்கி விடுங்கள். கூத்து மேடைக்குப் பின்னால் வேப்பமரம் தெரிய வேண்டுமென்றால், திரையில் அது கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது என்று தோன்றும் வரை தூக்கலாம். தாளில் சரியாக வந்து உட்காரும். மேட் (பளபளக்காத) ஆர்ட் பேப்பர், 170 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 170 கிராம்) நல்லது. பளபளத் தாளில் கருப்பு ஆழமாக வரும், ஆனால் டியூப் லைட் அடியில் வைத்துப் பார்த்தால் படத்தைவிட லைட்தான் தெரியும். மேப்லித்தோ என்னும் பூச்சில்லாத தாளில் மை உள்ளே இறங்கி இரவுப் படம் சேறாகிவிடும், வேண்டாம்.

மூன்றாவது, இப்போது கூத்து மேடைகளில் போடும் எல்இடி விளக்கு. அந்த ஊதா, அந்த எரிகிற சிவப்பு எதுவும் நான்கு வண்ண அச்சில் அப்படியே வராது, மங்கித்தான் வரும். பழைய டியூப் லைட், குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்த படங்கள் அச்சில் அழகாக வரும். தேர்வு செய்யும்போது இதை மனதில் வையுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) ஏற்றி எடுத்ததால் வந்த புள்ளிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், திரையில் உறுத்துகிற அளவு தாளில் உறுத்தாது.

எல்லாப் படத்துக்கும் ப்ரூஃப் (மாதிரி அச்சு) எடுக்க வசதியில்லை என்றால், மிக இருட்டான நாலைந்து படங்களை ஒரே தாளில் சேர்த்து, அதே தாள் ரகத்தில் அடித்துப் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். முடிந்தால் முதல் பாரம் ஓடும்போது மெஷின் பக்கத்தில் நில்லுங்கள்.

வேஷக்காரர்_மகன்

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா நாற்பது வருடமாகக் கூத்தாடுகிறார், துரியோதனன் வேஷம். கதிர் அண்ணனை எனக்கு நேரில் தெரியும், நல்ல மனிதர். அதனால் மனதில் இருப்பதைச் சொல்கிறேன்.

எங்களைப் படம் எடுக்க நிறையப் பேர் வருகிறார்கள். கொட்டகைக்குப் பின்னால், வேஷம் கட்டும் இடத்துக்குள் வந்து எடுப்பதுதான் அவர்களுக்குப் பிடிக்கிறது. பாதி முகத்தில் அரிதாரம், மேலே பனியன், கையில் பீடி. எடுப்பவர்களுக்கு அது கலைப் படம். அப்பாவுக்கு அப்படி இல்லை. கிரீடம் வைத்துத் திரைக்குப் பின்னால் நிற்கும் வரை தான் ராஜா இல்லை என்பார். அரைகுறை வேஷத்தில் ஊர் பார்க்கக் கூடாது என்பார். பெண் வேஷம் கட்டும் மாமா ஒருவருடைய படத்தை யாரோ இணையத்தில் போட்டு, அதற்குக் கீழே எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய மகள் அழுதது எனக்குத் தெரியும்.

இன்னொன்று, பெயர். படத்துக்குக் கீழே "தெருக்கூத்துக் கலைஞர், தருமபுரி" என்று போடுவார்கள். எடுத்தவர் பெயர் மட்டும் பெரிதாக இருக்கும். ஆடியவருக்குப் பெயர் இல்லையா? வாத்தியார் யார், மிருதங்கம் யார், முகவீணை யார், எந்த ஊர்க் கோயில், எந்த வருடம் என்று போட்டால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைக் காட்டிச் சொல்லிக்கொள்வார்கள்.

புத்தகம் வரட்டும். ஆனால் வருவதற்கு முன் அவர்கள் ஒரு தடவை பார்க்கட்டும்.

வக்கீல்_பாரூர்

மேலே தம்பி எழுதியது நியாயம். சட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரிவதில்லை.

1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17. நீங்களாகப் போய் எடுத்த படத்துக்கு உரிமையாளர் நீங்கள். ஆனால் ஒருவர் காசு கொடுத்து "எனக்காக எடு" என்று சொல்லி எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் தங்கள் சிறந்த படங்களைப் புத்தகமாகப் போடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். கதிர், கூத்துக் குழு நோட்டீஸுக்காகவோ பேனருக்காகவோ பணம் கொடுத்து உங்களை எடுக்கச் சொன்ன படம் ஏதாவது தொகுப்பில் இருந்தால் அதைத் தனியாகப் பிரித்து, குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

மற்றப் படங்களுக்கும் ஒரு பக்கத்தில் தமிழில் எளிமையாக ஒரு சம்மதக் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் படம், எந்தப் புத்தகம், விற்பனைக்கு உண்டு, இணையத்தில் போடுவீர்களா மாட்டீர்களா, அவருக்கு எத்தனை பிரதி கொடுப்பீர்கள், அவ்வளவுதான். ஒட்டுமொத்தமாக "எல்லா உரிமையும்" என்று எழுதி வாங்காதீர்கள், அது தேவையும் இல்லை, அழகும் இல்லை. குழந்தைகள் இருக்கும் படத்துக்குப் பெற்றோர் கையெழுத்து.

கதிர்_பென்னாகரம்

எல்லாவற்றையும் படித்தேன், பெரிய நன்றி. வேஷக்காரர்_மகன் எழுதியதைப் படித்தபின் வேஷம் கட்டும் இடத்துப் படங்களை மட்டும் தனியாக எடுத்து 4க்கு 6 பிரிண்ட் போட்டேன். சம்பந்தப்பட்டவர்களிடம் காட்டத் தொடங்கியிருக்கிறேன். சிலர் "தாராளமா போடுங்க" என்கிறார்கள், சிலர் வேண்டாம் என்கிறார்கள். வேண்டாம் என்பது எடுபடும், அதில் மறுபேச்சு இல்லை. உங்கள் அப்பாவையும் இந்த வாரம் வந்து பார்க்கிறேன் தம்பி.

அளவும் பக்கமும் அச்சுமை அண்ணன் சொன்னபடியே: 96 பக்கம், அகலவாக்கு. அப்படியென்றால் அறுபது, அறுபத்தைந்து படம்தான் போகும். இப்போது சிக்கல் எதை விடுவது என்பதில் இருக்கிறது. வரிசைப்படுத்துவதும் புரியவில்லை. ஊர் வாரியாகவா, வருட வாரியாகவா, பாரதக் கதை வரிசையிலா?

மல்லிகா_அரூர்

ஊர் வாரியாக வேண்டாம், அரசு வெளியீடு போல ஆகிவிடும். கதை வரிசை என்றால் உங்களிடம் இல்லாத கட்டத்துக்கு ஓட்டை விழும்.

ஓர் இரவு. அதுவே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. பொழுது சாய்கிறது, மைக் செட் கட்டுகிறார்கள், வேனிலிருந்து கட்டைப் பெட்டி இறங்குகிறது. சாப்பாடு. களரி கட்டுதல் (கூத்துத் தொடங்கும் முன் வாத்தியங்கள் முழங்குவது). கட்டியங்காரன் வருகிறார். திரையைப் பிடிக்கிறார்கள், திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. அப்புறம் முழு வேஷம். நடுஜாமத்தில் பாயோடு வந்து தூங்கிப்போன பிள்ளைகள். கடைசியில் விடியல், படுகளம், தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைக்கும் முகம் (அவர் சம்மதித்தால்), முதல் பஸ். பத்து ஊர்ப் படங்களும் பத்து வருடப் படங்களும் அந்த ஒரே இரவுக்குள் போய் உட்காரும். எந்த ஊர், எந்த வருடம், யார் என்பதைக் கடைசிப் பக்கங்களில் படத்தின் எண்ணோடு முழுமையாகக் கொடுங்கள்.

பிரிண்டுகளைக் கூடத்துத் தரையில் பரப்பி, கூத்துத் தெரிந்த ஒருவரையும் கூத்தே தெரியாத ஒருவரையும் கூப்பிட்டு நகர்த்தச் சொல்லுங்கள். ஒரே மாதிரி மூன்று கிரீடப் படம் இருந்தால் இரண்டு வெளியே. எடுக்கப் பட்ட பாட்டை வைத்துப் படத்தை எடை போடாதீர்கள். மழையில் நனைந்துகொண்டே எடுத்தீர்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. முகத்தை நடுமடிப்பில் வைக்காதீர்கள். சில பக்கங்களைக் காலியாக விடவும் தயங்காதீர்கள்.

அச்சுமை

டீச்சர் சொன்னதோடு: டம்மி ஒன்று கட்டுங்கள். ஜெராக்ஸ் கடையில் சாதாரணத் தாளில் அதே அளவில் அடித்து, தைத்து, கையில் புரட்டிப் பாருங்கள். திரையில் தெரியாதது பத்து நிமிடத்தில் தெரியும்.

படத்தின் அளவுக்கு ஒரு கணக்கு: அங்குலத்துக்கு 300 புள்ளி. பக்க அகலம் ஒன்பதரை, ஆகவே 2850 புள்ளி போதும். இரண்டு பக்கமும் பரந்து விழும் படம் என்றால் 5700. 24 மெகாபிக்ஸல் கேமராப் படம் 6000 புள்ளி அகலம், தாங்கும். பழைய 12 மெகாபிக்ஸல் படங்களை ஒற்றைப் பக்கத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் போய் வந்த கோப்பை மட்டும் எதற்கும் எடுக்காதீர்கள், அசல் கோப்பைப் பென் டிரைவில் கொடுங்கள்.

தமிழ் எழுத்து இன்னொரு கண்ணி. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு தமிழை ஒட்டினால் "கொ" உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பல அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருவில் மாற்றித் தட்டச்சு செய்து தருகிறோம் என்பார்கள். அங்கேதான் கலைஞர்களின் பெயர் தப்பும். நீங்களே முடித்து, எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். நாலு பக்கமும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள்.

தொப்பூர்க்கணவாய்

என் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, இப்போது நானும் இந்தப் பக்கம். ஆனால் பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எத்தனை பிரதி, என்ன விலை?

ஓசூர்_ஒளி

அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு பிரதியின் அடக்கம் 350 ரூபாய், விலை 500 என்று வைத்துக்கொள்வோம். கையோடு விற்றால் 150 மிச்சம், பார்க்க நன்றாக இருக்கிறது. கடையில் வைத்தால் 30 முதல் 40 சதவீதம் கழிவு கேட்பார்கள். 40 என்றால் உங்கள் கைக்கு 300தான் வரும், பிரதிக்கு 50 நஷ்டம். கடை வழியாகவும் விற்க வேண்டுமென்றால் விலை அடக்கத்தைப் போல் இரண்டரை மடங்காவது இருக்க வேண்டும், அப்படி வைத்தால் ஊர்க்காரர் வாங்க மாட்டார். ஆகவே கடையை மறந்துவிட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி புத்தகத் திருவிழா, கோயில் திருவிழா, தபால் என்று நேரடியாக விற்பதுதான் இந்த மாதிரிப் புத்தகத்துக்கு வழி.

கெட்டி அட்டை விஷயத்தில் நான் இறங்கி வருகிறேன். 300 ஜிஎஸ்எம் மெல்லட்டை, ஆனால் தையல் பைண்டிங். தையலை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மரியாதை அளவில் இல்லை, வேலையில் இருக்கிறது என்று டீச்சர் சொல்ல வருவது எனக்குப் புரிகிறது. வேண்டுமானால் முப்பது பிரதிக்கு மட்டும் கெட்டி அட்டை கட்டி, கையெழுத்திட்டு, ஒரு பிரிண்டோடு சேர்த்துக் கூடுதல் விலைக்குக் கொடுங்கள். வெளியூர் நண்பர்கள் வாங்குவார்கள், அந்த மிச்சத்தில் கலைஞர்களுக்கான பிரதிச் செலவு கழியும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் முன்பதிவு எடுங்கள். மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டில் பெயர், ஊர், தொகை எழுதி வையுங்கள், பின்பக்கத்தில் அவர்கள் பெயரைப் போடலாம். நூறு பேர் முன்பணம் கொடுத்தால் பிளேட் செலவுக்குக் கவலை இல்லை. 300-க்கு மேல் போகாதீர்கள். அச்சுமை சொன்ன தாளில் 300 பிரதி என்றால் 1800 தாள், கழிவைச் சேர்க்காமல். ஏறக்குறைய 118 கிலோ. புத்தகம் ஒன்று சுமார் 400 கிராம் வரும். தபாலில் அனுப்பும்போது இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டுங்கள், மூலை மடங்கிப் போய்ச் சேர்ந்தால் வாங்கியவர் மனசும் மடங்கும்.

வக்கீல்_பாரூர்

ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான தனி அடையாள எண்) வேண்டுமா என்று கேட்பீர்கள். நேரடி விற்பனைக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் வாங்கிவிடுங்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையம் வழியாக விண்ணப்பித்தால் இலவசம், தனிநபரும் வாங்கலாம். இதற்கென்று காசு கேட்கும் இடைத்தரகர் யாரும் தேவையில்லை.

அப்புறம், 1954-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் புத்தகம் வெளியிடுபவர் 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி தன் செலவில் அனுப்ப வேண்டும். சொந்தமாகப் போடுபவர்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. நீங்கள் செய்யுங்கள். நாளைக்குப் பாலக்கோட்டுத் துரியோதனனைத் தேடும் ஒரு மாணவர் கன்னிமாராவில் அதை எடுத்துப் பார்க்க முடியும். தருமபுரி மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒன்று கொடுங்கள்.

வேஷக்காரர்_மகன்

கதிர் அண்ணன் வந்திருந்தார். அப்பா பிரிண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பனியனோடு இருக்கும் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாகத் திரைக்குப் பின்னால் நிற்பதைப் பின்னாலிருந்து எடுத்த ஒன்றைக் காட்டி, இது இருக்கட்டும் என்றார். மிருதங்கக்காரர் பெயரைத் தவறாக எழுதியிருந்ததையும் திருத்தினார். குழுவுக்கு எத்தனை பிரதி என்று பேசிவிட்டோம்.

கதிர்_பென்னாகரம்

ஆமாம், படத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி, குழுவுக்குத் தனியாக ஐந்து. அந்தப் பிரதிகளைக் கழித்துவிட்டுத்தான் விற்பனைக் கணக்கு போடுகிறேன். 300 பிரதி, ஆப்செட், தையல், அதில் 30 மட்டும் கெட்டி அட்டை. டம்மி கட்டியாகிவிட்டது, மல்லிகா அக்கா அடுத்த ஞாயிறு பார்க்க வருகிறார். முன்பதிவு நோட்டும் திறந்துவிட்டேன். தொப்பூர் நண்பர் பெயர்தான் முதலில் இருக்கிறது.

அச்சுமை அண்ணா, கடைசியாக ஒன்று. சிவகாசியில் கொடுப்பதென்றால் எப்போது கொடுப்பது நல்லது?

அச்சுமை

ஆனி மாதத்துக்குள் கோப்பைக் கொடுத்துவிடுங்கள் தம்பி. ஆடிப்பெருக்கு அன்று அங்கே புது வருடக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். ஆர்டர் வரத் தொடங்கிவிட்டால் டிசம்பர் வரைக்கும் மெஷின் ஓய்வதில்லை, 300 பிரதி வேலையை ஓரமாகத்தான் வைப்பார்கள். இருட்டுப் படங்களுக்கு நேரம் ஒதுக்கிப் பார்க்க ஆள் வேண்டும், அதற்கு ஆனிதான் தோது. ப்ரூஃப் தாள் வந்ததும் கொண்டுவாருங்கள், வெயில் வெளிச்சத்தில் வைத்துச் சேர்ந்து பார்க்கலாம்.